ஆறு நாற்பது மணிக் காற்று

நூலகருக்குக் குடல்வால் வெடித்து, வயிற்றைத் திறந்து தைத்து மூன்று நாள் ஆகியிருந்தது. இந்த மூன்று நாளில் அவரிடம் கேட்கப்பட்டது ஒரே கேள்விதான். விடிந்ததும் சிஸ்டர் கேட்டார். பத்து மணிக்கு டாக்டரம்மா கேட்டார். டாக்டரம்மா பின்னால் வால் பிடித்துக்கொண்டு வந்த மாணவர்கள் ஆளுக்கொரு தரம் கேட்டார்கள். பஸ் டிரைவரான சம்பந்தி, பணிமனையில் ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி, போனிலேயே கேட்டார்.

“என்ன சம்பந்தி, காத்து பிரிஞ்சுதா?”

ஒரு மனுஷனிடம் கேட்கிற கேள்வியா இது? அதுவும் நம் நூலகரிடம். இருபத்தெட்டு வருஷமாக வாசிப்பு அறையில் உட்கார்ந்து, நாற்காலி தரையில் உரசினாலே மூக்குக்கண்ணாடிக்கு மேலாக முறைத்தவர் அவர். இருமல் வந்தால் படியிறங்கி வெளியே போய் இருமிவிட்டு வருவார். வாசகர்கள் அவருக்கு ‘உஷ்’ என்று பட்டப்பெயர் வைத்திருந்தது அவருக்கும் தெரியும். அதை ஒரு விருது மாதிரிதான் உள்ளுக்குள் வைத்திருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் ஏப்பம் விட்டு அவருடைய மனைவியே கேட்டதில்லை. “இவர் சாப்பிடறது எல்லாம் எங்கதான் போகுதோ” என்று அந்த அம்மாள் தங்கையிடம் சொல்லிச் சிரிப்பது வழக்கம்.

வார்டில் நாலு கட்டில். இரண்டு காலி. ஜன்னலோரக் கட்டிலில் நூலகர், பக்கத்துக் கட்டிலில் பஞ்சர் கடைக்காரர். அவருக்குக் குடல் முறுக்கிக்கொண்டு ஒரு சாண் நீளம் கெட்டுப்போய், அதை வெட்டி எடுத்துவிட்டு இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்திருந்தார்கள். இருவருக்கும் ஒரே நாளில் ஆபரேஷன், ஒரே மாதிரி நீலச் சட்டை, ஒரே பட்டினி. குணத்தில் மட்டும் ஏணி வைத்தாலும் எட்டாது. பஞ்சர் கடைக்காரர் வாயைத் திறந்தால் மூட மாட்டார்.

“என் தலையெழுத்தப் பாருங்க சார். ஆயுசு முழுக்கக் காத்து வெளிய போகக் கூடாதுன்னு ஒட்டிக்கிட்டே இருந்தேன். இப்ப அது வெளிய போகணும்னு ஊரே காத்துக்கிட்டிருக்கு.”

நூலகர் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு சுவரைப் பார்ப்பார்.

முதல் நாளே டாக்டரம்மா விஷயத்தை விளக்கியிருந்தார். குள்ளமான, சுறுசுறுப்பான பெண்மணி. நின்று பேசத் தெரியாது. பேசிக்கொண்டே கட்டில் அட்டையில் எழுதுவார், எழுதிக்கொண்டே சிஸ்டரைத் தேடுவார்.

“குடல்னா வெறும் குழாய்னு நெனச்சிடாதீங்க. அது முழுக்க சதை. ஒரு அடுக்கு வளையம் வளையமா சுத்தியிருக்கும், இன்னொரு அடுக்கு நீளவாக்குல ஓடும். சாப்பாட்டுக்குப் பின்னாடி இறுக்கும், முன்னாடி தளர்த்திவிடும். அப்படித்தான் நகரும். நீங்க தலைகீழா நின்னு முழுங்கினாலும் அது பாட்டுக்கு மேல ஏத்திடும். இரைப்பை இருக்கே, அது போட்டுப் பிசையும். கூழாக்கி, ஒவ்வொரு கரண்டியா கீழ விடும். சிறுகுடல்ல தள்ளுறது கம்மி, கலக்குறதுதான் ஜாஸ்தி. அங்கங்க இறுக்கும், விடும், முன்னாடி கொஞ்சம் பின்னாடி கொஞ்சம். சாறு எல்லாம் நல்லா கலக்கணும்ல, அவசரப்பட்டா ஆகுமா?”

“இப்ப என்ன பண்ணுது டாக்டர்?” என்றார் பஞ்சர் கடைக்காரர்.

“கோவிச்சுக்கிட்டுப் படுத்திருக்கு. கை வச்சோம்ல. யாராவது தொட்டா அதுக்குப் பிடிக்காது. முதல்ல சிறுகுடல் எழுந்திரிக்கும், அப்புறம் இரைப்பை, கடைசியாத்தான் பெருங்குடல். மூணு நாள்கூட ஆகும். கடைசி ஆளும் எழுந்தாச்சுன்னு நமக்கு எப்படித் தெரியும்? காத்து பிரிஞ்சா தெரியும். அதுக்கப்புறம்தான் கஞ்சி. அதுக்கு முன்னாடி குடிச்சா, தூங்கறவன் வாயில ஊத்தின மாதிரி.”

நூலகருக்கு இதெல்லாம் பிடித்துத்தான் இருந்தது. தனக்குள் இத்தனை ஒழுங்காக, அதுவும் சத்தம் போடாமல், ஒரு அலுவலகம் நடக்கிறதே என்று பெருமையாகக்கூட இருந்தது. அது முடிகிற இடம்தான் அவருக்குப் பிடிக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை ஆறு நாற்பதுக்கு அது நடந்தது.

துப்புரவு செய்கிற அம்மாள் வாளியை இழுத்துக்கொண்டு அப்போதுதான் வெளியே போனாள். பஞ்சர் கடைக்காரர் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். நூலகர் ஒருக்களித்துப் படுக்க முயன்றார். அவ்வளவுதான். அடக்க நினைப்பதற்குள் முடிந்துவிட்டது. மூன்று நாளாகப் பட்டினி கிடந்த மனிதரிடமிருந்து இப்படி ஒரு சத்தமா என்று அவருக்கே திகைப்பு. பாதி காலி வார்டு வேறு. சுவர்கள் வஞ்சனையில்லாமல் எதிரொலித்தன.

வாசலில் சிஸ்டரின் தலை தெரிந்தது. முகமெல்லாம் சந்தோஷம்.

“யாரு?”

நூலகர் வாயைத் திறக்கவில்லை. பொய்யும் சொல்லவில்லை. அவருடைய கண்கள் மட்டும் தாமாகத் திரும்பி பக்கத்துக் கட்டிலைப் பார்த்தன. அவ்வளவு போதுமானதாக இருந்தது. சிஸ்டர் நேரே போய் பஞ்சர் கடைக்காரரின் தோளை உலுக்கினார்.

“அண்ணே, எழுந்திரிங்க. நல்ல சேதி. உங்களுக்குக் காத்து பிரிஞ்சிடுச்சு.”

“எனக்கா?” அவர் கண்ணைக் கசக்கினார். சிஸ்டரைப் பார்த்தார். நூலகரைப் பார்த்தார். ஒரு நிமிஷம் யோசித்தார். “இருக்கும் சிஸ்டர். தூக்கத்துல போயிருக்கும். கஞ்சி எத்தன மணிக்கு?”

சிஸ்டர் அட்டையில் நேரம் போட்டு எழுதினார். பிறகு இந்தப் பக்கம் திரும்பினார். “உங்களுக்கு சார்?”

“இல்லை” என்றார் நூலகர். இது வாயாலேயே சொன்ன பொய்.

அடுத்தது வரும்போது தனியாக இருக்கும் நேரம் பார்த்து, சிஸ்டரிடம் காதோடு காதாகச் சொல்லிவிடலாம் என்பது அவர் கணக்கு. ஒரு தடவை வந்தது இன்னொரு தடவை வராதா என்ன? வரவில்லை. எட்டு மணி ஆயிற்று, ஒன்பது ஆயிற்று. அதுவும் அவரைப் போலவே கூச்ச சுபாவம் போலிருக்கிறது.

பத்து மணிக்கு டாக்டரம்மா பஞ்சர் கடைக்காரரின் வயிற்றில் ஸ்டெதாஸ்கோப் குழலை வைத்துக் கேட்டார். “லேசாத்தான் கேக்குது. ஆனா காத்து பிரிஞ்சிருக்கே. சரி, மதியம் அரை டம்ளர் கஞ்சி குடுங்க. தாங்கினா நாலு மணிக்கு ஒரு கிண்ணம்.”

பிறகு நூலகரிடம் வந்தார். அவர் வயிற்றில் குழலை வைத்ததும் புருவம் உயர்ந்தது. நாலு இடத்தில் மாற்றி மாற்றி வைத்தார். மாணவர்களையும் கேட்கச் சொன்னார். ஒரு மாணவன், “நல்லாவே உருட்டுது மேடம்” என்றான்.

“அதான் இடிக்குது. உள்ள ஓட்டம் இவ்வளவு இருக்கு, வெளிய ஒண்ணும் வரல. நடுவுல எங்கயோ மடங்கி மாட்டிக்கிட்டிருக்கணும்.” டாக்டரம்மா நூலகரின் மனைவியைப் பார்த்தார். “சாயங்காலம் வரைக்கும் பாக்கலாம்மா. அப்பவும் பிரியலன்னா மூக்கு வழியா குழாய் போட்டு, ஸ்கேன் எடுத்துடலாம். அடைப்புதான்னா, மறுபடியும் திறக்க வேண்டி வரலாம்.”

மனைவியின் முகம் செத்துப்போயிற்று. அந்த அம்மாள் எதற்கும் கலங்குகிற ரகம் இல்லை. இப்போது நாற்காலியில் உட்கார்ந்து, முந்தானை நுனியை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

“என்னங்க, கொஞ்சம் முயற்சி பண்ணிப் பாருங்களேன்.”

“சும்மா இரு” என்றார் நூலகர். சொல்லிவிட வேண்டியதுதான் என்று தோன்றியது. ஆனால் இப்போது சொன்னால், காலையில் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். டாக்டரம்மா சிரிப்பார், மாணவர்கள் சிரிப்பார்கள், நாலு மணிக்கு வரப்போகிற சம்பந்தி காதில் விழுந்தால் பணிமனை முழுக்கத் தெரிந்துவிடும். அதற்கு மூக்கில் குழாயே மேல் என்று முடிவு செய்தார். இப்படியும் ஒரு மனுஷன்.

மதியம் பஞ்சர் கடைக்காரருக்கு அரை டம்ளர் கஞ்சி வந்தது. நாக்கைச் சப்புக்கொட்டிக் குடித்தார். “அமிர்தம் சார். உங்களுக்கும் சீக்கிரம் வரும், கவலைப்படாதீங்க.” அவருடைய வீட்டுக்காரி டம்ளரை அலம்பி வைத்துவிட்டு, ஆண்டவனுக்கு நன்றி சொன்னாள். நூலகர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இரண்டு மணிக்குப் பக்கத்துக் கட்டிலில் விக்கல் தொடங்கியது. இரண்டரைக்கு அவர் புரண்டு படுத்தார், பிறகு மறுபடியும் புரண்டார். மூன்று மணிக்கு நூலகருக்கு ஒன்று உறைத்தது. வார்டு அமைதியாக இருந்தது. மூன்று நாளாக அவர் எந்த அமைதிக்கு ஏங்கினாரோ அது வந்துவிட்டது. அந்த ஆள் பேசுவதை நிறுத்திவிட்டார்.

“என்ன பண்ணுது?” நூலகரே முதல்முறையாகப் பேச்சைத் தொடங்கினார்.

“ஒண்ணுமில்ல சார். கொஞ்சம் உப்பின மாதிரி இருக்கு.” முகத்தில் சிரிப்பு இருந்தது, ஆனால் உதடு வெளுத்திருந்தது. நீலச் சட்டைக்குக் கீழே வயிறு மேடு தட்டியிருந்தது.

தூங்கறவன் வாயில ஊத்தின மாதிரி என்று டாக்டரம்மா சொன்னது நூலகரின் காதில் திரும்பத் திரும்பக் கேட்டது. அந்த வயிற்றுக்குள் ஒரு சாண் வெட்டி, இரண்டு முனைகளைச் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். கடைசி ஆள் இன்னும் எழவே இல்லை. எழுந்துவிட்டதாக அட்டையில் எழுதியிருக்கிறது. எழுத வைத்தவர் இவர். நூலகருக்கு உடம்பெல்லாம் கூசியது. வெட்கம் அல்ல, பயம்.

நாலு மணிக்கு எல்லாம் ஒன்றாக வந்து சேர்ந்தது. பார்வையாளர் நேரம். சம்பந்தி தன் மனைவி, மூத்த பிள்ளை, மருமகள், இரண்டு பேரக்குழந்தைகள் சகிதம் நுழைந்தார். நூலகரின் மகளும் மாப்பிள்ளையும் பின்னால் வந்தார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். இன்னொரு பக்கம் சிஸ்டர் ஒரு தட்டில் ரப்பர் குழாயும் அதில் தடவுகிற ஜெல்லியும் கொண்டுவந்து நூலகரின் கட்டிலில் வைத்தார், டாக்டரம்மா வந்துகொண்டிருக்கிறாராம். அந்தத் தட்டுக்குப் பக்கத்திலேயே, ஆவி பறக்க, ஒரு கிண்ணம் கஞ்சி. அது பஞ்சர் கடைக்காரருக்கு.

“சிஸ்டர்” என்றார் நூலகர். அவருடைய வழக்கமான குரலில், அதாவது யாருக்கும் கேட்காத குரலில்.

“ஒரு நிமிஷம் சார்.”

“சிஸ்டர், அந்தக் கஞ்சி...”

“உங்களுக்கு இன்னும் இல்ல சார். கொஞ்சம் பொறுத்துக்கோங்க.”

பேசிப் பயனில்லை. நூலகர் மேஜையிலிருந்த காகிதத்தைக் கிழித்தார். இருபத்தெட்டு வருஷமாக வாசகர்களைச் சீட்டு எழுதிக் கொடுத்தே திருத்தியவர். கை தானாக ஓடியது. ‘இன்று காலை 6.40 மணியளவில் இவ்வார்டில் எழுந்த ஒலிக்கு அடியிற்கண்ட நபரே பொறுப்பாவார். ஆவன செய்யவும்.’ கீழே கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

சிஸ்டர் படித்தார். நெற்றி சுருங்கியது. “வாளி சத்தமா சார்? அந்தம்மா தினமும் அப்படித்தான் இழுத்துட்டுப் போவாங்க. இந்த அவஸ்தையிலயும் புகார் எழுதறீங்களே. சரி, நான் சொல்லி வைக்கிறேன்.” சீட்டை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துப் பஞ்சர் கடைக்காரரின் வீட்டுக்காரியிடம் கொடுத்தார். அவள் ஊதி ஆற்றினாள். முதல் கரண்டி அவர் வாயை நோக்கிப் போயிற்று. அவரும் பாவம், வயிற்றைப் பிடித்துக்கொண்டே வாயைத் திறந்தார்.

“குடிக்காதீங்க.”

வார்டு அப்படியே நின்றது. சம்பந்தியின் பேரக்குழந்தைகள்கூட வாயை மூடிக்கொண்டன. அப்படி ஒரு குரல் நூலகரின் தொண்டையில் இருந்தது அவருடைய மனைவிக்கே அன்றுதான் தெரிந்தது. வாசலில் டாக்டரம்மாவும் மாணவர்களும் நின்றுவிட்டார்கள். பதினைந்து பேர் இருக்கும். பதினைந்து பேரும் அவரைத்தான் பார்த்தார்கள்.

“காலைல ஆறு நாப்பதுக்குக் காத்து விட்டது அவர் இல்ல” என்றார் நூலகர். காது மடல் எரிந்தது. “நான்தான்.”

சிஸ்டர் பையிலிருந்த சீட்டை எடுத்து மறுபடியும் படித்தார்.

“நல்லாவே விட்டேன். சிஸ்டர் கேட்டப்ப வெக்கமா இருந்துச்சு, அவரப் பாத்தேன். அவருக்கு இன்னும் ஒண்ணும் பிரியல. அவர் வயித்தப் பாருங்க, தயவுசெஞ்சு.”

டாக்டரம்மா ஒரே எட்டில் பக்கத்துக் கட்டிலுக்குப் போனார். சட்டையை விலக்கி விரலால் தட்டினார். பூசணிக்காயைத் தட்டியது போலக் கேட்டது. குழலை வைத்துக் கண்ணை மூடிக் கேட்டார். “கிண்ணத்த எடுங்க. அந்தக் குழாய இங்க கொண்டு வாங்க.” நூலகருக்காக வந்த குழாய் பஞ்சர் கடைக்காரரின் மூக்குக்குள் போயிற்று. மதியம் குடித்த கஞ்சி குடித்தபடியே, கூழாகாமல் குலையாமல், குழாய் நுனியில் மாட்டிய பைக்குள் இறங்கியது. வீட்டுக்காரி அழுதாள். கொஞ்ச நேரத்தில் அவருடைய வெளுத்த உதட்டில் நிறம் திரும்பத் தொடங்கியது.

டாக்டரம்மா கையைத் துடைத்துக்கொண்டு நூலகரிடம் வந்தார். அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலே தேவலை.

“சார், உங்களுக்கு இது மானப் பிரச்சினை. எங்களுக்கு, உள்ளயிருந்து வர ஒரே கடுதாசி அதுதான். அத வச்சுத்தான் ஒருத்தருக்குச் சாப்பாடு, ஒருத்தருக்குக் கத்தி.” பக்கத்துக் கட்டிலைக் காட்டினார். “ரெண்டாவது கிண்ணமும் உள்ள போயிருந்தா தையல் என்ன ஆகியிருக்கும்னு என்னால சொல்ல முடியாது. நல்லவேளை, வாயத் திறந்தீங்க. ஆனா அவருக்கு நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள பிரியணும். இல்லன்னா மறுபடியும் திறந்துதான் பாக்கணும்.”

மனைவி அவரை முறைத்தாள். “அடைப்பு, ஆபரேஷன்னு நான் காலையிலருந்து உயிரக் கையில பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். நீங்க கல்லுப்பிள்ளையார் மாதிரி சுவரப் பாத்துக்கிட்டு இருந்தீங்களா?” திட்டிக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சம்பந்தி மட்டும் குனிந்து, தன்னால் முடிந்த அளவு தணிந்த குரலில், “வாழ்த்துகள் சம்பந்தி” என்றார். அது வராந்தா வரைக்கும் கேட்டது.

எல்லோரும் போன பிறகு நூலகர் மெல்ல எழுந்து பக்கத்துக் கட்டிலுக்குப் போனார். என்ன சொல்வதென்று ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் மறந்துவிட்டது.

“மன்னிச்சிடுங்க” என்றார்.

பஞ்சர் கடைக்காரர் மூக்கில் குழாயோடு சிரித்தார். “நீங்க மட்டுமா பொய் சொன்னீங்க? டயர்ல ஊசி முனையளவு ஓட்ட இருந்தாலே கண்டுபிடிக்கிறவன் நான். என்னோடது போயிருந்தா எனக்குத் தெரியாதா? அது உங்களோடதுன்னு அப்பவே தெரியும். பசி சார். கஞ்சி தரேன்னாங்க. நீங்களும் வேண்டாங்கற மாதிரி பாத்தீங்க. சரி, நாம வாங்கிக்குவோம்னு வாங்கிக்கிட்டேன்.”

நூலகரால் நிற்க முடியவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தையல் வலிக்க வலிக்கச் சிரித்தார்.

மறுநாள் காலை பஞ்சர் கடைக்காரரின் குழாயை எடுத்துவிட்டு, “முடிஞ்ச அளவு நடங்க” என்றார் டாக்டரம்மா. நடந்தார்கள், இரண்டு பேருமாக. சலைன் பாட்டில் தொங்கும் கம்பியை நூலகர் தள்ளிக்கொண்டு வந்தார். வராந்தாவின் ஒரு கோடியில் மருந்து கொடுக்கும் ஜன்னல், மறு கோடியில் லிஃப்ட். போனார்கள், வந்தார்கள். நூலகருக்குக் கஞ்சி அனுமதி ஆகியிருந்தது; இரண்டு வேளை குடித்தும்விட்டார், ஆனால் ருசிக்கவில்லை. பத்து நடைக்கு ஒரு தரம், “ஏதாவது தெரியுதா?” என்று கேட்டார். எந்தக் கேள்வியைக் கேட்டு மூன்று நாளாகக் கூனிக் குறுகினாரோ, அதே கேள்வியைத்தான் இப்போது அவரே கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு அது உறைக்கக்கூட இல்லை.

“இல்ல சார்.”

மதியமும் இல்லை. மூன்று மணிக்கு டாக்டரம்மா வந்து வயிற்றில் கேட்டுவிட்டு, “சிறுகுடல் நல்லாவே ஓடுது. பாக்கலாம்” என்றார். அந்தப் பாக்கலாமில் அத்தனை நம்பிக்கை இல்லை. பஞ்சர் கடைக்காரர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். வீட்டுக்காரி நாற்காலியைவிட்டு எழவே இல்லை. நூலகர் மட்டும் விடவில்லை. “வாங்க, இன்னொரு நடை” என்றார். தனக்கே தையல் சுண்டி இழுத்தது. அதை அவர் சொல்லவில்லை.

நாலே கால் மணி. வராந்தா முழுக்கப் பார்வையாளர் கூட்டம். லிஃப்ட் கதவு திறந்து, சம்பந்தி குடும்பம் உள்ளிட்ட பத்துப் பேர் வெளியே வந்தார்கள். இவர்கள் இருவரும் சரியாக அவர்களுக்கு எதிரே. பஞ்சர் கடைக்காரர் சட்டென்று நின்றார். நூலகரின் கையைப் பிடித்தார்.

பிறகு அது வந்தது. ஒரு தடவை இல்லை. முதலில் தயங்கி, பிறகு தைரியமாக, பிறகு வராந்தாவின் அந்தக் கோடிவரை.

கூட்டம் ஒதுங்கியது. ஒரு பெண்மணி குழந்தையின் கண்ணை மூடினாள். ஏன் கண்ணை மூடினாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது. பஞ்சர் கடைக்காரரின் முகம் சிவந்து, தலை தொங்கியது. எப்பேர்ப்பட்ட ஆளுக்கும் அந்த நிமிஷம் வந்துவிடுகிறது போலிருக்கிறது.

“சிஸ்டர்” என்று நூலகர் கூப்பிட்டார். வராந்தாவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, வாய்க்குக் கை குவித்து. “சிஸ்டர், சீக்கிரம் வாங்க. பிரிஞ்சிடுச்சு.”

சிஸ்டர் அட்டையோடு ஓடி வந்தார். பேனாவைத் திறந்தவர், எழுதாமல் நிறுத்தினார். இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நேற்று வாங்கிக் கட்டிக்கொண்டது அவருக்கு மறக்கவில்லை.

“இந்தத் தடவை யாரோடது? நிச்சயமா தெரியணும். ரெண்டு பேர்ல யாரு?”

சம்பந்தி குடும்பம், மனைவி, மகள், மாப்பிள்ளை, லிஃப்ட் ஆள் எல்லோரும் நூலகரின் வாயையே பார்த்தார்கள். நூலகர் நண்பரின் தோளில் கை போட்டுக்கொண்டார்.

“அவரோடதுதான் சிஸ்டர். தைரியமா எழுதுங்க. என்னோடதுல இவ்வளவு கம்பீரம் கிடையாது.”